இல்லாத தொழிற்சாலையின் முதலாளிக்கு

மொன்ட்ரியால் நகரில் பொறியியல் மாணவர்களுக்கு டிஜிட்டல் எனப்படும் எண்ணிம மாற்றம் பயிற்றும் கூடத்தில் பதினான்கு ஆண்டுகள் பணியாற்றி, இந்த ஆனி மாதத்தோடு ஓய்வு பெற்றுச் செல்லும் திருவாளர் பேரின்பநாதன் அவர்களுக்கு, உடன் உழைத்த தமிழ் ஊழியர்களும், உங்களிடம் அகப்பட்டுத் தேறிய மாணவர்களும், கோட்-டெ-நெய்ஜ் மண்டபத்தில், உங்கள் துணைவியார் புஷ்பவதி அக்கா முன்னிலையில் வாசித்துக் கையளிக்கும் மடல்.

முன்வைத்த எதையும் முதல் மூச்சில் ஏற்காத முதலாளியே, பிடிகொடாமல் பேசிப் பேசிப் பிள்ளைகளைப் பெரியவர்களாக்கிய பெருந்தகையே, கதிரையை விட்டு எழாமலே காற்றில் ஒரு கைத்தொழில் கட்டிய கைகாரரே, வணக்கம்.

இத்தகைய மடல்களில் பண்பின் பெருங்கடலே, பணிவின் பெருமலையே என்று பத்து வரியாவது எழுதுவது முறை. எழுதித்தான் பார்த்தோம். ஆனால் நீங்களோ ஒவ்வோர் அடைமொழியையும் கையில் வாங்கி, உள்ளும் புறமும் திருப்பி, தையல் பிரிகிறதா என்று இழுத்துப் பார்த்து, "உதுக்கு என்ன அத்தாட்சி?" என்று கேட்கக்கூடியவர். உங்களிடம் கடலையும் மலையையும் விற்க எங்களுக்குத் துணிவில்லை. ஆகவே நடந்ததையே கூறு கட்டி வைக்கிறோம், பார்த்து எடுத்துக்கொள்ளுங்கள்.

கல்லூரி நிர்வாகம் சென்ற வாரமே உங்களைப் பிரெஞ்சில் பாராட்டிக் கேக் வெட்டிவிட்டது. குறை சொல்வதற்கில்லை; கேக்கும் நன்று, பேச்சும் நன்று. ஆயினும் அந்தப் பேச்சில் உங்களைக் கருவிக்கூட உதவியாளர் என்றார்கள், நேரம் தவறாதவர் என்றார்கள், தொழிற்சாலையைப் பற்றி மட்டும் ஒரு சொல்லும் சொல்லவில்லை. அந்தக் குறையைத் தீர்க்கவே இந்தத் தமிழ் மடல்.

தெரியாதவர்களும் மண்டபத்தில் இருப்பதால் விளக்குகிறோம். எங்கள் கூடத்துக்கு வரும் மாணவர்கள் குழுக்களாகப் பிரிந்து, பழைய முறையில் நடக்கும் ஒரு தொழிற்சாலையைக் கணினிக்கும் கமெராவுக்கும் மென்பொருளுக்கும் மாற்றுவதற்குத் திட்டம் தீட்டவேண்டும். தீட்டிய திட்டத்தை மூன்று சந்திப்புகளில் முதலாளியிடம் பேசி, அவருடைய கையெழுத்தை வாங்கவேண்டும். கையெழுத்து இல்லையேல் புள்ளி இல்லை. முதலாளி என்பவர் உண்மையில் முதலாளி அல்லர். அந்தப் பாத்திரத்துக்கு ஒரு நடிகரை அமர்த்துவது அந்நாள் வழக்கம்.

அமர்த்திய நடிகர் பனிப்புயலில் அகப்பட்டு வராமற்போன நாளில்தான் உங்கள் ஆட்சி தொடங்கியது. பயிற்சி அட்டவணையைக் கவனிக்கும் பிரஷாந்தினி, கருவிக்கூடத்தில் கம்பி சுற்றிக்கொண்டிருந்த உங்களிடம் ஓடி வந்தார்.

"அண்ணை, ஒரு அரை மணித்தியாலம் முதலாளி மாதிரி இருங்கோவன். பிள்ளையள் சொல்லுறதுக்கு ஓம், ஓம் எண்டாக் காணும்."

"ஓம்," என்றீர்கள். முதலாளியாக நீங்கள் எளிதில் சொன்ன கடைசி ஓம் அதுதான்.

மாணவர்கள் வந்தார்கள். "உங்கள் தொழிற்சாலையில் என்ன செய்கிறீர்கள்?" என்று கேட்டார்கள். பாத்திரக் குறிப்பு நடிகரிடம் அல்லவா இருந்தது. நீங்கள் அறையைச் சுற்றிப் பார்த்தீர்கள். சூடேற்றியின் மேல் உங்கள் ஈரக் கையுறை காய்ந்துகொண்டிருந்தது. "கையுறை," என்றீர்கள். அந்த ஒரு சொல்லில் ஒரு தொழிற்சாலை பிறந்தது. அடுத்த அரை மணி நேரத்தில் அதற்கு வெட்டும் மேசை வந்தது, தையற்பகுதி வந்தது, ஒழுகும் கூரை வந்தது, கீழ்மாடியில் சரக்கு அடுக்கக் குளிரும் கிட்டங்கி வந்தது, வாடகையை ஏற்ற நினைக்கும் கட்டட உரிமையாளர் ஒருவரும் வந்து சேர்ந்தார். மாணவர்கள் கையெழுத்து இல்லாமல் வெளியேறினார்கள். மறுவாரம் நடிகருக்கு நன்றி சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

அன்றுமுதல் உங்கள் உண்மைப் பெயரைச் சம்பளப் பகுதி மட்டுமே வைத்துக்கொண்டது. எங்களுக்கும் மாணவர்களுக்கும் நீங்கள் முதலாளி.

பேச்சினால் பட்டறை நடத்திய பெரியவரே, உங்கள் மேசையில் மாணவர்கள் பட்ட பாட்டை இங்கே முழுவதும் எழுதினால் சட்டம் போட்டு மாட்டச் சுவர் போதாது. சந்திப்புகள் பிரெஞ்சில் தொடங்கும், ஆங்கிலத்தில் சூடேறும், தமிழ்ப் பிள்ளைகள் என்றால் தமிழில் வந்து தரை தட்டும். தொழிலாளர் ஒவ்வொருவருக்கும் தொடுதிரை கொடுப்போம் என்று ஒரு குழு மின்னும் படங்களோடு வந்தது. நீங்கள் மேசைக்குக் கீழிருந்து தடித்த கையுறை ஒன்றை எடுத்துக் குழுத்தலைவரிடம் நீட்டி, "இதைப் போட்டுக்கொண்டு உந்தக் கண்ணாடியிலை உங்கடை பேரை எழுதுங்கோ," என்றீர்கள். அவர் எழுதியதை இன்றுவரை எவராலும் வாசிக்க முடியவில்லை. இன்னொரு குழு செய்த மென்பொருள் கையுறைகளைச் சோடியாக எண்ணாமல் ஒவ்வொன்றாக எண்ணியது; கணினியில் ஒரு மாதம் ஓட்டிப் பார்த்ததில் வலக்கைகள் எல்லாம் விற்றுத் தீர்ந்து இடக்கைகள் மலையாய்க் குவிந்தன. அதற்கும் நீங்கள் கோபிக்கவில்லை. "பரவாயில்லை, இடக்கையாலை மட்டும் வேலை செய்யிற ஊர் ஒண்டு இருந்தாச் சொல்லுங்கோ, அனுப்பிவிடுவம்," என்றீர்கள்.

ஒரு மாசி மாதத்தில் இன்னொன்றும் நடந்தது. மூன்று மாணவர்கள், நீங்கள் சொன்ன அடையாளங்களை நம்பி, தொழிற்சாலையை நேரில் பார்த்துவிட எண்ணி, பேருந்து ஏறி ஷபனெல் வீதியில் இறங்கிவிட்டார்கள். பழைய தையற்கூடங்கள் இருந்த வீதி என்பதால் ஒவ்வொரு கட்டடமும் நீங்கள் சொன்னதுபோலவே இருந்தது. மூலையிலிருந்த டெப்பனர் என்ற சில்லறைக் கடையில் விசாரித்தார்களாம்; கடைக்காரரும் யோசித்துப் பார்த்து, "கேள்விப்பட்ட மாதிரித்தான் இருக்கு," என்றாராம். குளிர் தாங்காமல் உங்களுக்குத் தொலைபேசி எடுத்தார்கள்.

"முதலாளி, நாங்கள் வாசலிலை நிக்கிறம். கதவு எந்தப் பக்கம்?"

நாங்கள் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தோம். இது பயிற்சி, இது பாத்திரம், அப்படி ஒரு கட்டடமே இல்லை என்று சொல்லியிருக்கலாம். நீங்கள் முகத்தில் ஒரு மடிப்பும் விழாமல், "இண்டைக்கு லீவு, பிள்ளையள். வீட்டை போய்ச் சூடாக் குடியுங்கோ," என்றீர்கள்.

அவர்களுக்கு உண்மை தெரிய அதிக நேரம் ஆகியிராது. ஆனாலும் ஆண்டிறுதியில் அவர்கள் மேப்பிள் இனிப்புப் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து, அம்புறோஸ் அண்ணைக்கு என்று சொல்லி உங்கள் மேசையில் வைத்தார்கள். அம்புறோஸ் சார்பில் அதை நாங்களே உண்டோம் என்பதை இச்சபையில் ஒப்புக்கொள்கிறோம்.

அம்புறோஸ் யாரென்றும் சொல்லவேண்டும். உங்கள் இரண்டாம் தவணையில் ஒரு குழு, கிட்டங்கிக்காரரின் வேலை இனித் தேவைப்படாது என்று ஒரு வரியில் எழுதிக் கடந்துபோயிற்று. நீங்கள் அந்த வரியில் விரலை வைத்தீர்கள்.

"இந்த ஆளின்ரை பேர் என்னெண்டு தெரியுமோ?"

தெரியாது என்றார்கள். தெரிவது எப்படி, எங்களுக்கும் அப்போது தெரியாது. உங்களுக்கே அந்தக் கணம்தான் தெரிந்திருக்கும்.

"அம்புறோஸ். கிட்டங்கியைத் திறக்கிறதும் அவன், பூட்டுறதும் அவன். முழங்கால் ஏலாது, ஆனா லிப்டிலை ஏறமாட்டான். சீனி போடாத தேத்தண்ணி. அவனுக்கு என்ன வழி?"

அதன்பின் எந்தக் குழுவும் அம்புறோஸைத் தாண்டி உங்கள் கையெழுத்துக்கு வந்ததில்லை. மற்ற எல்லாவற்றிலும் இறங்கி வருவீர்கள். காலத்தில் விட்டுக்கொடுப்பீர்கள், கருவியில் விட்டுக்கொடுப்பீர்கள். கடைசியில் பேனையைக் கையில் எடுத்துவிட்டு அந்தக் கேள்வியைக் கேட்பீர்கள். பிள்ளைகள் அவரை ஸ்கேனர் பிடிக்க வைத்தார்கள், வாடிக்கையாளரோடு தொலைபேசியில் கதைக்க வைத்தார்கள், ஒரு மூலையில் திரை ஒன்றைக் கொடுத்துப் பார்க்க வைத்தார்கள். இன்று பெரிய நிறுவனங்களில் இருக்கும் உங்கள் பழைய மாணவர்கள் மெட்ரோவில் எங்களைக் கண்டால், கூடம் எப்படி, கல்லூரி எப்படி என்று கேட்பதில்லை. "அம்புறோஸ் அண்ணை சுகமோ?" என்றுதான் கேட்கிறார்கள். சுகம் என்று சொல்லி இறங்கிவிடுகிறோம்.

இந்தச் சித்திரையில் நடந்ததைச் சொல்லாமல் இந்த மடலை முடிக்க இயலாது. அக்கா முன்வரிசையில் இருக்கிறார். அவருக்கும் முழுக்கதை தெரியாது.

ஹாலிஃபாக்ஸில் மகள் அஜந்தாவின் வீட்டுக்குப் பக்கத்தில், கடல் தெரியும் இடத்தில் போய் இருப்போம் என்று அக்கா உங்களைக் கேட்கத் தொடங்கிப் பல தவணைகள் ஆயிற்று. ஒவ்வொரு முறையும் "உந்தத் தவணை முடியட்டும்" என்று தள்ளினீர்கள். எங்களுக்கு அது தெரியும். நீங்கள் தள்ளியது எங்களுக்கு வசதியாக இருந்ததால் நாங்கள் வாய் திறக்கவில்லை.

அந்த நிலையில்தான் ரக்ஷனாவும் நிர்மலும் உங்கள் மேசைக்கு வந்தார்கள். இருவரும் தமிழ்நாட்டிலிருந்து மேற்படிப்புக்கு வந்தவர்கள். ரக்ஷனாவுக்குப் பக்கத்து லவால் நகரில் ஒரு நிறுவனம் வேலை தருவதாகச் சொல்லியிருந்தது, வைகாசியில் சேரவேண்டும். இந்தப் பயிற்சி தேறாவிட்டால் சான்றிதழ் இல்லை, சான்றிதழ் இல்லாவிட்டால் அந்த வேலை இல்லை, வேலை இல்லாவிட்டால் இந்த நாட்டில் இருப்பதே கேள்விக்குறி. எல்லாம் தொங்கியது ஒரு கையெழுத்தில். அதுவும் இல்லாத ஒரு தொழிற்சாலையின் முதலாளி போடும் கையெழுத்தில்.

அவர்கள் திட்டத்தில் ஓட்டை இல்லை. நீங்களும் தேடாத இடமில்லை. கமெரா கையுறைகளைப் பார்த்துச் சோடி சேர்த்தது, தட்டு வெறுமையானால் தானே மேலே செய்தி அனுப்பியது. நீங்கள் பேனையை எடுத்து, வழமையான கேள்வியைக் கேட்டீர்கள். மேசைக்கடியில் நிர்மல் காலால் தட்டியும் ரக்ஷனா உண்மையையே சொன்னார்.

"சார், இந்த ஸ்டோர்ல அவருக்கு இனிமே வேலை இல்ல. ஒரு ஓரமா டேபிள் போட்டு உக்கார வைக்கலாம். எல்லா டீமும் அதைத்தான் பண்ணியிருக்காங்க. அது அவருக்கு மரியாதை இல்ல சார்."

"அப்ப எனக்கும் கையெழுத்து வைக்க வழியில்லை, பிள்ளை," என்று பேனையை மூடினீர்கள்.

இரண்டாம் சந்திப்பில் அவர்கள், அம்புறோஸுக்குக் குறைவில்லாத ஓய்வூதியத்தோடு விடை கொடுப்பதாகத் திட்டத்தை மாற்றி வந்தார்கள். அதிலும் குறை சொல்ல இடமில்லை. நீங்கள் தாளைத் தள்ளி வைத்துவிட்டு, "வீட்டிலை இருந்து அவன் என்ன செய்யிறது? சுவரைப் பாக்கிறதோ?" என்று கேட்டீர்கள். அந்தக் குரல் முதலாளியின் குரல் அன்று. நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

பிரஷாந்தினி உங்களை நடைபாதையில் மறித்தார். "அண்ணை, தொழிற்சாலை விளையாட்டு. அந்தப் பிள்ளையின்ரை வேலை விளையாட்டில்லை."

"தெரியும், தங்கச்சி. தெரிஞ்சும் கை வருகுதில்லை."

கருவிக்கூடத்து யோகேந்திரனுக்கு எதையும் பகிடியாக்காவிட்டால் பசி தீராது. "முதலாளி, அம்புறோஸ் உங்களுக்குச் சம்பளம் தாறானோ?" என்று கேட்டார். எந்தப் பகிடிக்கும் இரட்டிப்பாய்த் திருப்பிக் கொடுக்கும் நீங்கள் அன்று கம்பிச் சுருளை எடுத்துக்கொண்டு நடந்துவிட்டீர்கள்.

மூன்றாம் சந்திப்பு, கடைசிச் சந்திப்பு. ரக்ஷனா மடிக்கணினியைத் திறக்கவில்லை.

"சார், பிளான்ல மாத்த எதுவும் இல்ல. ஒண்ணு மட்டும் கேக்கணும். அம்புறோஸ் அண்ணன்கிட்ட நாங்க பேசலாமா?"

இத்தனை ஆண்டுகளில் எவரும் கேட்டிராத கேள்வி. எல்லாரும் அவரைப் பற்றி உங்களிடம் கதைத்தார்கள். அவரோடு கதைக்க எவரும் கேட்டதில்லை.

"அவன் கீழை கிட்டங்கியிலை நிக்கிறான்."

"கூப்பிடுங்க சார், வெயிட் பண்றோம்."

யோகேந்திரன் சிரிப்பை அடக்கிக்கொண்டு வெறுங்கதிரை ஒன்றை இழுத்து மேசையோரம் போட்டார். நீங்களும் சிரித்து முடித்துவிடுவீர்கள் என்றுதான் நாங்கள் நினைத்தோம். நீங்கள் எழுந்தீர்கள். முதலாளி வேடத்துக்கென்று போடும் அந்தக் கோட்டைக் கழற்றி உங்கள் கதிரையின் முதுகில் மாட்டினீர்கள். சுற்றி நடந்து வந்து, வெறுங்கதிரையில், கைகளை முழங்கால்களுக்கிடையில் வைத்துக்கொண்டு இருந்தீர்கள்.

"சொல்லுங்கோ, பிள்ளை."

குரல் தணிந்திருந்தது. ரக்ஷனா ஒரு கணம் திகைத்தார். ஆனால் கெட்டிக்காரி, கைவிட்டுவிடவில்லை.

"அண்ணா, புது மெஷின் வருது. உங்க வேலைய அது பாத்துக்கும். உங்களுக்கு என்ன வேணும்?"

"எனக்கோ? என்னை ஒருத்தரும் கேக்கேல்லை."

"இப்ப நான் கேக்கறேன்."

"எனக்குப் போக விருப்பம், பிள்ளை. மனுசி கடல் பாக்கவேணுமெண்டு எத்தினை வருசமாக் கேக்கிறா."

"அப்புறம் ஏன்ணா போகல?"

நீங்கள் கோட்டு மாட்டியிருந்த கதிரையைப் பார்த்தீர்கள். "நான் போனா முதலாளி தனிச்சுப்போவார். நான் நிக்கிறனெண்டுதான் அவரும் வாறவர்."

நிர்மல் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தார். ரக்ஷனா மெல்லத் திரும்பி, முதலாளியின் வெறுங்கதிரையையும் அதன் முதுகில் தொங்கிய கோட்டையும் பார்த்துக் கேட்டார்.

"சார், கேட்டீங்களா?"

நீங்கள் எழுந்து போய், கோட்டைப் போடாமல், கதிரையில் இருக்காமல், நின்றபடியே கையெழுத்து வைத்தீர்கள். எந்தக் கேள்வியும் கேட்கவில்லை. நடைபாதைக்குப் போய்த் தொலைபேசி எடுத்தீர்கள். கதவு திறந்திருந்ததால் நாங்கள் கேட்டோம், மூடியிருந்தாலும் கேட்டிருப்போம்.

"புஷ்பம், நான் ஆனியோடை நிப்பாட்டுறன்." அக்கா அந்தப் பக்கம் என்ன கேட்டார் என்பது எங்களுக்குத் தெரியாது. நீங்கள் சொன்ன பதில் மட்டும் கேட்டது. "இல்லையப்பா, எனக்கு ஒரு வருத்தமுமில்லை. சுகமாத்தான் நிக்கிறன்."

ரக்ஷனா வைகாசியில் வேலைக்குச் சேர்ந்தார். இதோ, விடுப்பெடுத்துக்கொண்டு மூன்றாம் வரிசையில் நிர்மலோடு இருக்கிறார்.

கையெழுத்தினால் கலங்க வைத்த காருண்யரே, வருகிற புரட்டாதியிலிருந்து உங்கள் கதிரையில் ஆள் இருக்காது. சுவரில் ஒரு திரை வந்திருக்கிறது. அதற்குள்ளே ஒரு மென்பொருள் முதலாளி. மாணவர்களுக்கு மாற்றம் பயிற்றும் இடத்துக்கு மாற்றம் வராமல் இருக்குமா, நாங்கள் முறையிடவில்லை. அதற்குத் தொழிற்சாலையைச் சொல்லிக்கொடுக்க உங்களை அழைத்தார்கள். நீங்களும் பல நாள் இருந்து, வெட்டும் மேசையிலிருந்து ஒழுகும் கூரைவரை, கட்டட உரிமையாளரின் கெட்ட குணம்வரை, ஒளிக்காமல் கொடுத்தீர்கள். கிட்டங்கியில் யார் நிற்பது என்று கேட்டபோது, "ஒருத்தருமில்லை. இருந்தவன் போயிட்டான்," என்றீர்கள். திரையை நாங்கள் ஒருமுறை சோதித்தோம். பொன்ஜூர் என்றது. திட்டத்தில் பாதியை வெட்டிவிட்டு, இதற்குச் சம்மதமா என்று கேட்டோம். உடனே சம்மதித்து, நன்றியும் சொன்னது. கடைத்தெருவில் பிறந்து வளர்ந்தவர்களும் எங்களில் உண்டு. விற்பவன் முதல் சொல்லுக்கே சரி என்றுவிட்டால் வாங்கியவனுக்கு வீடுபோகும் வழியெல்லாம் மனம் ஆறாது என்பது அவர்களுக்குத் தெரியும். நாங்களும் அன்று அப்படித்தான் வீடு போனோம்.

உங்களிடம் கடைசியாக ஒரு பேரம் பேசியும் பார்த்தோம். இன்னும் ஓராண்டு என்று தொடங்கினோம். ஒரு தவணை என்று இறங்கினோம். புதிய பிள்ளைகள் வரும் முதல் வாரமாவது என்று கெஞ்சினோம். யோகேந்திரன் ஒரு நாள் என்றுகூடக் கேட்டார். எங்களுக்கு உங்களைத் தெரியும். எங்காவது ஓரிடத்தில் பாதி வழி வருவீர்கள் என்று காத்திருந்தோம். நீங்கள் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "இல்லை, பிள்ளையள். கேட்டது சந்தோசம்," என்றீர்கள். பதினான்கு ஆண்டுகளில் உங்கள் வாயிலிருந்து நாங்கள் கேட்ட, பேரமில்லாத முதல் விலை அது.

போகிறவரைப் பற்றிக் கவலையில்லை. அங்கே கடல் இருக்கிறது, மகள் இருக்கிறார், அக்கா இருக்கிறார். நீங்கள் நீண்ட காலம் நோயின்றி, முழங்கால் வலியின்றி, காற்றாட நடந்து, அக்கா கேட்பதை இனியாவது முதல் முறையே கொடுத்து வாழவேண்டும். அஜந்தா வீட்டுப் பக்கத்து மீன் சந்தையில் உங்களுக்குச் சரிநிகரான ஒரு வியாபாரி அமையவேண்டும். அந்த ஊர்க் குளிரில் உங்கள் கைகள் சூடாக இருக்கவேண்டும்.

எங்கள் ஏக்கம் வேறு. புரட்டாதியில் புதிய பிள்ளைகள் வருவார்கள். திரையோடு பேசித் திட்டத்தை முடித்து, கையெழுத்தும் வாங்கி, களைப்பில்லாமல் வீடு போவார்கள். முதலாளி எங்கே என்று அவர்களில் ஒருவரும் கேட்கமாட்டார்கள். அவர்களுக்கு அப்படி ஒருவர் இருந்ததே தெரியாது. நாங்கள் பக்கத்து அறையில் இருந்து, யாராவது கேட்கிறார்களா என்று காதைக் கொடுத்துக்கொண்டிருப்போம்.

இங்ஙனம்,
உங்களோடு இழுபட்டு இழுபட்டே இறுகிப்போன,
எண்ணிம மாற்றப் பயிற்சிக்கூடத்துத் தமிழ் ஊழியர்களும்
உங்கள் கையுறைத் தொழிற்சாலையில் தேறிய மாணவர்களும்
மொன்ட்ரியால், ஆனி மாதம்